மூன்று ஏக்கர் செம்மண்ணில் முந்திரித் தோப்பு: எங்கிருந்து தொடங்குவது?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது.

அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்தை ஒட்டிய கிராமம் ஒன்றில் அவருடைய அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மூன்று ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது. அப்பா நான்கு வருடத்துக்கு முன்னால் உயில் எழுதாமலே காலமாகிவிட்டார். அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். திருமணமான இவர் திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். நிலத்தின் ஒரு மூலையில் அப்பா வைத்த பதினொரு பழைய முந்திரி மரங்கள் நிற்கின்றன. மற்ற இடம் தரிசு, பாதிக்குச் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. ஆழ்துளைக் கிணறு உண்டு, ஆனால் சித்திரை வைகாசியில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடாது.

இனி அவருடைய திட்டம். பழைய மரங்களை வெட்டிவிட்டு மூன்று ஏக்கரிலும் ஏக்கருக்கு 200 முந்திரி. வீடியோவில் பார்த்த, பல மரங்களை அடுக்கடுக்காகக் கலந்து வளர்க்கும் உணவுக்காட்டைப் போல, இடையிடையே மகோகனி, செம்மரம், சந்தனம், பலா, கொய்யா. மரங்களைப் பன்னிரண்டு வருடத்தில் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒரு நிறுவனம் சொல்லியிருக்கிறதாம். கூடவே பாதாம், வால்நட், மக்கடேமியா என்று எல்லாக் கொட்டை மரங்களிலும் சில. பூச்சி அண்டாமல் இருக்கச் சுற்றிலும் வேம்பு. முந்திரிக்கு, அத்தை வீட்டில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் மரத்தின் கொட்டைகளையே விதைக்கலாம் என்று நினைக்கிறார். செலவுக்கு நகையை வைத்து ஆறு லட்சம் கடன். மூன்றாவது வருடம் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட ஆசை. தம்பி போனில், "நீ என்ன வேணும்னாலும் வச்சுக்கக்கா" என்று சொல்லிவிட்டாராம். "இது சரியாக வருமா, எதை முதலில் செய்யட்டும்?" என்பது கேள்வி.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் வரைந்து அனுப்பிய நில வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தோட்டக்கலைத் துறையில் இருந்த முப்பது வருடத்தில் பெரும்பகுதியை விருத்தாசலம், பண்ருட்டி, ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக் காடுகளில் கழித்தவன் நான். உங்கள் மண் முந்திரிக்கு ஏற்ற மண். தண்ணீர் தேங்காத செம்மண்ணும், பூக்கும் காலத்தில் வறண்ட வானமும் உங்களுக்கு இருக்கின்றன. ஒரே பயிரை நம்பாமல் பலவற்றைக் கலந்து வைக்க நினைப்பதும் நல்ல யோசனைதான். ஆனால் எதை எங்கே கலப்பது என்பதில் சில இடங்களில் தவறிப் போயிருக்கிறீர்கள். அதற்கும் முன்னால் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

முதலில் பட்டா

மரம் முப்பது வருடம் நிற்கும். அதை வைக்கிற நிலம் யாருடையது என்பது காகிதத்தில் இருக்க வேண்டும். தம்பி போனில் சொன்னது அன்பு, அது ஆவணம் ஆகாது. நாளைக்கு அவருக்குத் திருமணமாகும், பணத்தேவை வரும். அப்போது காய்ப்பில் இருக்கும் தோப்பைப் பிரிப்பது தரிசைப் பிரிப்பதைவிடப் பல மடங்கு கசப்பானது. அப்படிப் பிரிந்த குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

"கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு என்ன பங்கு கேட்க முடியும்" என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்து, உயில் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, தம்பி, நீங்கள் மூவருக்கும் சம பங்கு. திருமணம் ஆனதால் உங்கள் பங்கு குறையாது. (அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை.)

ஆகவே வாரிசுச் சான்று வாங்கிப் பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள். பிறகு பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, உங்கள் பங்குக்கு உட்பிரிவு செய்த தனிப் பட்டா வாங்குங்கள். தம்பி தன் பங்கை உங்களுக்கே விட்டுத்தர விரும்பினால் அதற்கும் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். அவர் இதற்காக ஊருக்கு வர வேண்டியதில்லை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பினால் போதும். காகிதங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி எந்தப் பத்திரம் உங்களுக்குப் பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது என் துறை இல்லை.

இது சட்டத்துக்காக மட்டும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டு நீர்ப் பாசனம் 100 சதவீத மானியத்தில் கிடைக்கிறது. சிட்டா, அடங்கல், தாசில்தார் தரும் சிறு விவசாயி சான்று எல்லாம் உங்கள் பெயரில் இருந்தால்தான் அதை வாங்க முடியும். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கும்போது நகைக்கடன் வாங்கிக் குழாய் போடுவது, இலவசமாகக் கிடைப்பதற்கு வட்டி கட்டுவதாகும்.

பாதாமும் வால்நட்டும் வேண்டாம்

கடையில் ஒரே தட்டில் வைத்து விற்பதால் எல்லாம் ஒரே மண்ணில் வரும் என்று தோன்றுவது இயல்பு. வால்நட்டும் பாதாமும் குளிர்காலத்தில் நீண்ட நாள் குளிரில் உறங்கி எழுந்தால்தான் பூக்கும். நம் நாட்டில் அவை காஷ்மீர், இமாச்சலம் போன்ற இடங்களில் காய்ப்பது அதனால்தான். ஜெயங்கொண்டத்தில் கன்று பிழைத்தாலும் பூக்காது. நர்சரியில் "பாதாம்" என்று கொடுப்பது பெரும்பாலும் நாட்டு வாதுமையாக இருக்கும். அது நல்ல நிழல் மரம், பிள்ளைகள் உடைத்துத் தின்னச் சின்னப் பருப்பும் தரும், ஆனால் கடைப் பாதாமுக்கும் அதற்கும் உறவில்லை. மக்கடேமியா ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பகுதி மரம். நம் கத்திரி வெயிலை அது தாங்காது.

உங்கள் மண்ணுக்கு இரண்டு கொட்டைகள் போதும். மேலே முந்திரி, கீழே வேர்க்கடலை. கடலை உங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை வந்த பயிர், மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்த்துவிட்டுப் போகும்.

முந்திரி எங்கே காய்க்கிறது?

உங்கள் திட்டத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா வைத்த மரங்களில் ஒன்றின் அடியில் நின்று மேலே பாருங்கள். உள்ளே வெறும் கிளைகளும் காய்ந்த குச்சிகளும்தான் தெரியும். பூங்கொத்து வருவது குடை போன்ற கவிகையின் வெளி ஓரத்தில், அந்தப் பருவத்தில் விட்ட புதுத் துளிரின் நுனியில் மட்டும். அந்த நுனியில் வெயில் விழ வேண்டும். நிழலில் இருக்கும் கிளை இலையோடு நின்றுவிடும். ஒரு தோப்பில் எத்தனை மரம் இருக்கிறது என்பதைவிட, வெயில் படும் ஓரம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் வரைபடத்தைப் பாருங்கள். முந்திரி வரிசைக்கு நடுவே மகோகனி, பலா, செம்மரம். எட்டாவது வருடம் மகோகனி முந்திரிக்கு மேலே போய்விடும். பன்னிரண்டாவது வருடம் உங்களிடம் ஓர் அழகான காடு இருக்கும், அதில் கொட்டை இருக்காது. வீடியோவில் பார்த்த உணவுக்காடு பெரும்பாலும் மழை அதிகமுள்ள ஊர்களில் எடுத்தது. அங்கே நிழலில் வளரக் காப்பி, மிளகு, ஏலம் என்று இருக்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தில் வடகாடு பக்கம் தென்னையில் மிளகு ஏற்றி நன்றாக எடுக்கிறார்கள், ஆனால் அங்கே தண்ணீர் இருக்கிறது. அரை மணி நேரம் ஓடும் மோட்டாரை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

அப்படியானால் மரம் கலந்த விவசாயம் வேண்டாமா? வேண்டும். உயரமான மரங்களை ஓரத்தில் வைத்து, குட்டைப் பயிர்களை முந்திரியின் காலடியில் வைக்க வேண்டும். எந்த ஓரம் என்பதும் முக்கியம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நிழல் வடக்கே விழும். முந்திரி பூக்கும் காலம் அதுதான். தெற்கு வரப்பில் உயர்ந்த மரம் வைத்தால் பூக்கும் நேரத்தில் அதன் நிழல் உங்கள் முந்திரி மேல் விழும். வடக்கு வரப்பில் வைத்தால் நிழல் வெளியே போய்விடும். வடக்கே பக்கத்துக் காட்டுக்காரர் கடலை போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வரப்பிலிருந்து நாலைந்து மீட்டராவது உள்ளே தள்ளி நடுங்கள்.

வடக்கும் கிழக்கும் காற்றுக்கும் சரியான பக்கங்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கடுத்த நாட்களில் பண்ருட்டிப் பக்கம் கணக்கெடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். முப்பது நாற்பது வருடத்து முந்திரியும் பலாவும் வேரைக் காட்டிக்கொண்டு கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடந்தன. ஒரு பெரியவர் விழுந்த பலா மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். எதுவும் கேட்கவில்லை, அழவுமில்லை. எங்களோடு வந்தவர்கள் யாரும் அவரிடம் படிவத்தை நீட்டவில்லை. 2018 நவம்பரில் கஜா வந்து புதுக்கோட்டை மாவட்டத்திலும் இதையே செய்துவிட்டுப் போனது.

உங்கள் ஊர் கடலிலிருந்து உள்ளே தள்ளித்தான் இருக்கிறது. இருந்தாலும் கிழக்கு வரப்பில் பனையும், வடக்கு வரப்பில் இரண்டு வரிசை சவுக்கும் வையுங்கள். சவுக்கு மூன்று நான்கு வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடும். அதை ஒரேயடியாக வெட்டாமல் வரிசை மாற்றி வெட்டினால் காற்றுத் தடுப்பும் நிற்கும், கைக்குப் பணமும் வரும். பனையை வைத்தால் அது உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு. அதை வெட்ட இப்போது மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். பலா ஆசையை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வடமேற்கு மூலையில் நான்கு மரம் வையுங்கள், குடும்பத்துக்குப் போக விற்கவும் மிஞ்சும்.

இடைவெளியும் கன்றும்

ஏக்கருக்கு 200 மரம் என்பது 5 மீட்டருக்கு 4 மீட்டர் இடைவெளியில் வைக்கும் அடர்நடவு. அது தவறான முறை இல்லை. முதல் ஐந்தாறு வருடம் விளைச்சல் அதிகமாகவே இருக்கும். ஆனால் அறுவடை முடிந்ததும் வருடா வருடம் தவறாமல் கவாத்து செய்ய வேண்டும், அதாவது கிளைகளைக் கழித்துவிட வேண்டும், கிளைகள் முட்டிக்கொள்ளும்போது இடையில் உள்ள மரங்களை எடுக்கவும் துணிய வேண்டும். வார இறுதியில் மட்டும் திருச்சியிலிருந்து வந்து போகிறவருக்கு அது முடியாத காரியம். 7 மீட்டருக்கு 7 மீட்டர் வையுங்கள், ஏக்கருக்கு 80 மரம் வரும். நடும்போது நிலம் காலியாகத் தெரியும், மனசு கேட்காது. அந்தக் காலி இடத்தில்தான் முதல் நான்கு வருடம் உங்கள் கடலையும் உளுந்தும் எள்ளும் விளையப் போகின்றன.

அத்தை வீட்டு மரத்தைப் பற்றி. அந்த மரம் நல்ல மரமாகவே இருக்கலாம். ஆனால் முந்திரியில் தேனீயும் ஈயும் ஊர்ப்பட்ட மரங்களின் மகரந்தத்தைக் கலந்துவிடுவதால், அதன் கொட்டையை விதைத்தால் வருவது அந்த மரமாக இருக்காது. நூறு விதை போட்டால் நூறும் நூறு விதமாக வரும். உங்கள் அப்பா வைத்த பதினொரு மரங்களும் ஒன்றைப் போல் ஒன்று காய்ப்பதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, காரணம் இதுதான். அத்தை மரம் அப்படியே வேண்டுமென்றால் அதன் குச்சியை எடுத்து நாற்றின் மேல் ஒட்டுக் கட்ட வேண்டும். ஒட்டுக்கட்டத் தெரிந்தவர்கள் உங்கள் பகுதியிலேயே இருக்கிறார்கள். ஐந்தாறு கன்று அப்படிச் செய்து பாருங்கள்.

மற்றபடி விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 ரகம் அல்லது அங்கேயே உருவான வீரிய ஒட்டு ரகம் வி.ஆர்.ஐ. (சி.டபிள்யூ.) எச் 1, இரண்டில் ஒன்றின் ஒட்டுக்கன்றை எடுத்துக்கொள்ளலாம். வாங்கும்போது கன்றின் உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வருடக்கணக்கில் பையிலேயே கிடந்த கன்றின் வேர் உள்ளுக்குள் சுருண்டிருக்கும். அது நிலத்தில் இறங்கினாலும் ஆழமாகப் பிடிக்காது, பெருங்காற்றில் முதலில் சாய்வது அதுதான். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் உள்ள கன்று நல்லது. ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்கும்படி நட்டு, அதில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை எடுத்துவிடுங்கள். இதை மறந்து, இரண்டு வருடம் கழித்து ஒட்டு முறிந்து போன கன்றுகளை எத்தனையோ தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் மேலே இருக்கும் நல்ல ரகத்தை அது மேய்ந்துவிடும். முதல் இரண்டு வருடம் பூ வந்தால் பறித்துப் போடுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், பறிக்கத்தான் வேண்டும்.

முந்திரிக்குத் தண்ணீரே வேண்டாம் என்று பலரும் சொல்வார்கள். வளர்ந்த மரம் வறட்சியைத் தாங்கும் என்பது உண்மை. முதல் இரண்டு கோடையும் கன்றுக்குத் தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் மோட்டாரின் அரை மணி நேரத் தண்ணீர் 80 கன்றுக்குச் சொட்டு நீரில் போதும். 600 கன்றுக்குப் போதாது. முதல் வருடம் ஒரு ஏக்கருக்கு மேல் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

வேம்பும் கொய்யாவும் ஏன் கூடாது

வேப்ப எண்ணெய் பூச்சியை விரட்டும் என்பதால் வேப்பமரமும் விரட்டும் என்று நினைப்பது இயற்கை. முந்திரியின் பெரிய எதிரிகளில் ஒன்று தேயிலைக் கொசு. பெயரில் கொசு இருந்தாலும் அது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. அது குத்திய துளிரும் பூங்கொத்தும் தீயில் காட்டியது போலக் கருகிவிடும். அந்தப் பூச்சி வேம்பிலும் வாழும், கொய்யாவிலும் வாழும். முந்திரியில் துளிர் இல்லாத மாதங்களில் அது தங்கியிருக்க நாமே வேலி முழுக்க வீடு கட்டிக் கொடுத்தது போலாகிவிடும். ஏற்கெனவே நிற்கும் ஒன்றிரண்டு வேம்பை வெட்ட வேண்டாம், புதிதாக வரிசை வைக்க வேண்டாம். வேலிக்குக் கிளுவையும், தழை உரத்துக்குக் கிளைரிசிடியாவும் ஊன்றுங்கள்.

மரத்தில் முசுறு கூடு கட்டினால் கலைக்காதீர்கள். கொட்டை பொறுக்க வருகிறவர்கள் கடி தாங்காமல் திட்டுவார்கள், ஆனால் தேயிலைக் கொசுவை வேட்டையாடுவது அந்தச் சிவப்பு எறும்புதான். பூ விரிந்திருக்கும் காலத்தில் மருந்து அடித்தால் முசுறும் போகும், மகரந்தம் சேர்க்கும் தேனீயும் போகும். கேரளத்தில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் வருடக்கணக்கில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்ததன் விலையை அந்த ஊர்க் குழந்தைகள் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. உங்கள் அம்மா அந்தத் தோட்டத்தின் பக்கத்திலேயே குடியிருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு எதிரி தண்டு, வேர்த் துளைப்பான். இது சத்தமில்லாமல் முழு மரத்தையே கொன்றுவிடும். அடிமரத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள், சின்ன ஓட்டைகளும் பிசினும் மரத்தூள் போன்ற கழிவும் தெரிந்தால் உடனே பட்டையைச் சீவி உள்ளிருக்கும் புழுவை எடுத்துவிட வேண்டும். இலை மஞ்சளான பிறகு பார்த்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். மாதம் ஒரு முறை ஒவ்வொரு மரத்தின் அடியையும் குனிந்து பாருங்கள். செத்த மரத்தை வேரோடு அகற்றித் தோட்டத்தை விட்டே வெளியேற்றுங்கள், அதுதான் அடுத்த மரத்துக்குத் துளைப்பானைக் கொண்டு போவது.

மகோகனி, செம்மரம், சந்தனம்

பன்னிரண்டு வருடத்தில் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லும் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் என்ன விலைக்கு என்பது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "அன்றைய சந்தை விலைக்கு" என்று மட்டும் இருந்தால் அவர்கள் எதற்கும் கட்டுப்படவில்லை. 1990களில் தேக்கு வளர்ப்பில் பணம் போடச் சொன்ன நிறுவனங்களை நம்பி நம் மக்கள் நிறைய இழந்தார்கள். கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 1999இல் விதிமுறை கொண்டுவந்ததன் பின்னணியில் அந்த அனுபவம் இருக்கிறது. மகோகனிக் கன்றுக்கு நீங்கள் காசு கொடுக்கவே வேண்டியதில்லை. தமிழ்நாடு நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் வனத்துறை நாற்றங்கால்களிலிருந்து மரக்கன்றுகள் இலவசமாகவே தருகிறார்கள். உழவன் செயலியில் பதிவு செய்துவிட்டு, இந்த வருட ஒதுக்கீட்டை வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள். வடக்கு ஓரத்துக்கு இருபது கன்று போதும். அவற்றை அடங்கலில் ஏற்றி வையுங்கள், பின்னால் வெட்டும்போது உதவும்.

சந்தனம் வேண்டாம் என்பது என் கருத்து. வளர்க்க உரிமை உண்டு, ஆனால் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். அது தேறுவதற்குள் திருடன் வந்துவிடுவான், வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். செம்மரத்துக்கும் இதையே சொல்வேன்.

கடனும் வேலையும்

கணக்கு எழுதுகிறவர் நீங்கள், ஆகவே எண்ணிலேயே பேசுவோம். கவனமாகப் பார்த்துக்கொள்ளும் மரம் ஆராய்ச்சி நிலையத்தில் பத்துக் கிலோவுக்கு மேல் தருகிறது. உங்கள் நிலத்தில், உங்கள் நேரத்தில், ஏழாவது வருடம் மரத்துக்கு ஐந்து கிலோ என்று வைக்கிறேன். ஒரு ஏக்கருக்கு 400 கிலோ, அதாவது 80 கிலோ மூட்டையில் ஐந்து. கொட்டை கிலோ நூறு ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 40,000 ரூபாய். இதில்தான் களை, கவாத்து, பொறுக்கும் கூலி எல்லாம் போக வேண்டும். நீங்கள் வாங்க நினைக்கும் ஆறு லட்சத்துக்கு, வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்பது வட்டி என்றாலே 54,000 ரூபாய் ஆகிறது. முதல் கொட்டை விழும் முன்பே இரண்டு மூன்று வருட வட்டி கட்டியிருப்பீர்கள். நகையை வைக்காதீர்கள். வேலையையும் விடாதீர்கள். மூன்றாவது வருடம் வருவது முதல் காய்ப்புதான், ஒரு குடும்பத்தின் வருமானம் ஆகாது.

விலையும் உங்கள் கையில் இல்லை. பண்ருட்டி ஆலைகளில் உடைபடும் கொட்டையில் பெரும்பங்கு ஐவரி கோஸ்ட் போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வருவது. அங்கே விளைச்சல் கூடினால் இங்கே களத்தில் விலை இறங்கும். பருப்பாக உடைத்து விற்றால் லாபம் என்று நினைத்திருக்கிறீர்கள். ஒரு மூட்டைக்கு இருபது கிலோவுக்குச் சற்று மேலே பருப்பு கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலை வெந்துபோகச் செய்யும். கையுறை இல்லாமல் வருடக்கணக்கில் உடைத்த பெண்களின் விரல்களைப் பார்த்தவன் நான். வீட்டு அடுப்பில் வறுக்கும்போது வரும் புகையும் மூச்சைக் கெடுக்கும். பக்கத்தில் ஆவி வைத்து உடைக்கும் சிறு ஆலை இருந்தால் உங்கள் கொட்டையைக் கூலிக்குக் கொடுத்துப் பருப்பாக வாங்கி, திருச்சியில் உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் விற்றுப் பாருங்கள். இரண்டு மூட்டையில் தொடங்கலாம்.

இந்த ஒரு வருடத்தில் செய்ய வேண்டியது

பத்திர வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சோழமாதேவியில் உள்ள வேளாண் அறிவியல் மையத்தில் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்கக் கொடுங்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, விறகை விற்றால் எடுத்த கூலியில் ஒரு பகுதி வந்துவிடும். ஆடியில் மானாவாரிக் கடலை போட ஒரு ஏக்கரை உழுது வையுங்கள், காட்டுப்பன்றி நடமாட்டம் இருந்தால் உளுந்துக்கு மாறிக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு முன், ஒன்றரை அடி நீள அகல ஆழத்துக்குக் குழி எடுத்து, மேல்மண்ணோடு பத்துக் கிலோ தொழுவுரமும் ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கும் கலந்து நிரப்பி முந்திரியை நடலாம். கன்றைச் சுற்றி மூன்றடி வட்டத்தில் மட்டும் எதையும் விதைக்காமல், காய்ந்த இலை தழையால் மண்ணை மூடி மூடாக்குப் போடுங்கள்.

கடைசியாக, அப்பா வைத்த அந்தப் பதினொரு மரங்கள். வெட்ட வேண்டாம். அவை எந்த அளவுக்குக் காய்க்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் எல்லாக் கொட்டையையும் ஒரே சாக்கில் போட்டிருக்கிறீர்கள். வரும் பங்குனியில் கொட்டை விழத் தொடங்கும்போது அம்மாவிடம் பதினொரு பையைக் கொடுத்து, மரத்துக்கு ஒரு எண் எழுதி, தனித்தனியாகப் பொறுக்கி எடை போடச் சொல்லுங்கள். நல்ல எடை தரும் மரங்களை, உள்ளே காய்ந்த கிளைகளை மட்டும் நீக்கிவிட்டு அப்படியே விடுங்கள். இரண்டு கிலோகூடத் தேறாதவற்றில் அடிமரம் ஆரோக்கியமாக இருக்கும் ஒன்றிரண்டை இடுப்புயரத்தில் வெட்டி, அதில் வரும் புதுத் துளிரில் நல்ல ரகத்தை ஒட்டுக் கட்டலாம். வேர் முப்பத்தைந்து வருடமாக இறங்கியிருப்பதால் புதுக் கன்றைவிடச் சீக்கிரம் காய்ப்புக்கு வரும். வெட்டிய மரத்தைத் துளைப்பான் தேடி வரும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் வெட்டிவிட வேண்டாம். அந்த எடைக் கணக்கை வைத்துக்கொண்டு வைகாசியில் எனக்கு மறுபடி எழுதுங்கள், எந்த மரத்தில் கை வைப்பது என்று சேர்ந்து முடிவு செய்வோம்.